தீனி வைக்க ஆள்

— விடிஞ்சா பாப்பாவுக்குக் காதுகுத்து. இப்ப வந்து வரலங்கிற.

— வரமுடியாது சுவாதி. போன்ல எத்தனை தடவை சொல்றது.

— தாய்மாமன் மடியில ஒக்காரவச்சுதான் குத்தணும். எனக்கு என்ன பத்து அண்ணனா இருக்கு?

— பெரியப்பா மவன் பிச்சைமுத்து இருக்கான்ல. அவன் மடியில வை.

— எங்க மாமியாரும் அதான் சொல்றாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல. அறிவழகன் எங்கன்னு சபையே கேக்கும்.

— நான் வந்துட்டா இதுங்களுக்கு யாரு தீனி வைக்கிறது?

— கண்ணுக்கே தெரியாத பூச்சி. ஒருநாள் பட்டினி கெடந்தா என்னவாம்?

— பூச்சி இல்ல. நுண்ணுயிர்.

— சரிங்க சார். அந்த நுண்ணுயிருக்கு இன்னைக்கு என்ன பலகாரம்?

— மக்காச்சோளத் தட்டை.

— நேத்து?

— தட்டைதான். கதிர் ஒடிச்ச காஞ்ச தண்டை அரைச்சு, வேகவச்சுக் குடுக்கணும். தின்னுட்டு சாராயமா மாத்தும்.

— ஓம் மாப்ளயும் ஊரெல்லாம் அதான் சொல்லிவச்சிருக்காரு. மச்சான் குரும்பலூர் பக்கம் சாராயம் காய்ச்சுறாருன்னு.

— பெட்ரோல்ல கலந்து வண்டி குடிக்கிற சாராயம்னு சொல்லச் சொல்லு.

— நீயே வந்து சொல்லு. நீ சாப்புட்டியா?

— டீ குடிச்சேன்.

— பேச்சுத் துணைக்காவது யாராச்சும் இருக்காங்களா?

— காதை வச்சா கொமுளி ஒடையிற சத்தம் கேக்கும். சாப்புடுதுங்கன்னு அர்த்தம்.

— அண்ணே.

— தைப் பனி வேற. சூடு கொறைஞ்சா சோந்து போயிடும். பக்கத்துலயே இருக்கணும்.

— அவ்வளவு பெரிய ஆலையில வேற ஆளே இல்லியா?

— நம்ம கொல்லைப் புத்துல, கறையான் வயித்துலேருந்து நான் எடுத்தது சுவாதி. அடுத்தவங்க கையில வளராது.

— தீபாவளிக்கும் இதையேதான் சொன்ன.

— தீபாவளிக்கும் இதுங்களுக்குப் பசிக்கும்ல.

— அப்ப நான் பாப்பாவத் தூக்கிட்டு அங்க வரேன். ஆசாரியையும் கூட்டியாறேன். ஆலையிலயே ஓம் மடியில வச்சுக் குத்திட்டுப் போறோம்.

— வேணாம். புளிச்ச நாத்தம். கொழந்தைக்கு ஆவாது.

— நாத்தம் ஒண்ணும் அடிக்கலியே.

— ஒனக்கெப்படித் தெரியும்?

— ஆலை கேட்டுகிட்டதான் நிக்கிறேன். பாப்பா இடுப்புல இருக்கா. பூட்டு துருப்புடிச்சுக் கெடக்கு. ஆடியிலயே மூடிட்டாங்க, கரண்டையும் புடுங்கிட்டாங்கன்னு டீக்கடையில சொல்றாங்க.

— சொல்லிட்டாங்களா.

— நீ எங்கண்ணே இருக்க?

— உள்ளதான். பின்பக்க வேலி வழியா வந்து போயிட்டிருக்கேன். தொட்டியில எல்லாம் செத்துப்போச்சு சுவாதி. ஒரு பாட்டில் மட்டும் தப்பிச்சிருக்கு. குளிருக்கு வயித்தோட சேத்துக் கட்டி வச்சிருக்கேன்.