வலது கையால் செடியைத் தொட்டபடி

பூங்காவில் என்னை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தெட்டு. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் மாடி வீட்டில் கணவர், மகளுடன் குடியிருக்கிறேன். விசாரித்ததன் பேரில் சொல்வதாவது:

மேற்படி பூங்காவில் ஆள் உயரத்துக்கு மேல் முள்செடி வளர்த்து அமைத்த புதிர்ப்பாதை இருக்கிறது. உள்ளே வழி தவறியவர்கள் கூப்பிட டிக்கெட்டில் ஒரு தொலைபேசி எண் அச்சடித்திருக்கும். அதை எடுப்பது என் வேலை. யார் கூப்பிட்டாலும், "வலது கையால செடியைத் தொட்டுக்கிட்டே நடங்க, வந்துடுவீங்க" என்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் இதைத்தான் சொல்வேன் என்று கணவர் கேலி செய்வார்.

சம்பவத்தன்று காலை தோட்டக்காரர் வந்து, செடி வெட்டுவதற்காக வெளியே வரும் வழியைப் பலகையால் அடைத்து, இடது பக்கம் வேறு வழி திறந்திருப்பதாகச் சொல்லி, "வலது கைன்னு சொல்லிடாதக்கா, சுத்திச் சுத்தி அங்கேயேதான் வருவாங்க" என்றார். தலையாட்டினேன். அதன் பிறகு மதியம் ஒரு பெரியவர் கூப்பிட்டு வழி தெரியவில்லை என்றார். வாய்ப் பழக்கத்தில் வலது கை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவரே மறுபடி கூப்பிட்டு, "நீங்க சொன்ன மாதிரிதாம்மா நடக்கிறேன், அதே பலகைதான் வருது. வெயில் தாங்கல, யாரையாவது அனுப்புங்க" என்றார். பலகை என்றது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "வழி தேடத்தானே சார் டிக்கெட் வாங்கினீங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன். அதன் பிறகு அதே எண்ணிலிருந்து மணி அடித்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரியான நச்சரிப்பு என்று எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அதை எடுத்திருக்கலாம்.

அதன் பிறகு கை கழுவும்போதுதான் பலகை ஞாபகம் வந்து, தோட்டக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பெரியவர் பலகையில் சாய்ந்து கிடந்தார். மூச்சு இல்லை. வலது உள்ளங்கை முழுக்க முள் கீறி, விரல்கள் பச்சையாக இருந்தன. இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அவருடைய மனைவி முட்டிவலி காரணமாக உள்ளே போகாமல், அவருடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை நானே போய்ச் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. "கல்யாணம் ஆன நாள்லருந்து யார் பேச்சும் கேக்காத மனுஷன். நீ சொன்னதை மட்டும் ஏம்மா கேட்டாரு?" என்றார்.

யாரும் மிரட்டாமல் நானாகச் சொன்னது இது. படித்துக் காட்டியதைக் கேட்டேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
பூங்கா தொலைபேசிப் பணியாளர்