எஞ்சினுக்குப் பின்னால் ஓர் ஏணி

“ஹலோ... ஹலோ... கேக்குதா? ... ம், இப்பக் கேக்குது. கடைக்குள்ளதானே இருக்கீங்க? ... சரி சரி. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வாங்கிட்டீங்களா, இன்னும் வாங்கலையா? ... அப்பாடா. வாங்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் கைய பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருங்க.”

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேசைமேல் கிடந்த அட்டைத் துண்டுகளை ஓரமாகத் தள்ளினாள். வீடு கட்டும் கம்பெனிக்கு மாதிரி வீடுகள் செய்துகொடுப்பது அவள் வேலை. ஜன்னல், மாடிப்படி, கைப்பிடிச் சுவர் எல்லாம் நகத்தளவில் வெட்டி ஒட்டுவாள். வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த புருஷன், விமானக் கிட் விற்கும் ஒரே கடையைத் தேடிப் பிடித்து அங்கிருந்துதான் கூப்பிட்டிருந்தார். கிட் என்றால் பெட்டிக்குள் உதிரி உதிரியாக இருக்கும் பிளாஸ்டிக் விமானம். வாங்கியவர்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

“பெட்டி மேல என்ன எழுதியிருக்கு? ... ம், அந்த விமானந்தான். ... படத்தை நான் கேக்கலைங்க. ... ஆமா, ஆமா, மேகமெல்லாம் அழகாத்தான் இருக்கும். ஏங்க, படம் வரையறவர் வேற, உள்ள பிளாஸ்டிக் ஊத்தறவர் வேற. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஜென்மத்துல பாத்திருக்க மாட்டாங்க. ... எஞ்சின் குண்டா இருக்கா? எங்க, படத்துலயா? ... படத்தை வெச்சு என் தம்பி வேலையக் காப்பாத்த முடியுமா?”

பக்கத்து அறையில் தம்பி இருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. அவள் குரலைத் தணிக்கவில்லை.

தம்பிக்கு விமான நிலையத்தில் தரையில் வேலை. விமானத்தைப் பின்னால் தள்ளுவதற்கு முன், மூக்குச் சக்கரத்தின் பக்கத்தில் நின்று சுற்றிலும் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறவன் அவன்தான். போன மாதம் ஒருநாள் அப்படித்தான் உயர்த்தினான். விமானம் நகர்ந்தது. வலது இறக்கைக்குக் கீழே, எஞ்சினுக்குப் பின்னால் யாரோ மறந்துவிட்டுப் போன ஏணி இறக்கையைக் கிழித்தது. கண்ணெதிரே இருந்த ஏணியைப் பார்த்தும் அசட்டையாக விட்டுவிட்டான் என்றது நிர்வாகம். எஞ்சின் மறைத்துவிட்டது, ஒன்றுமே தெரியவில்லை என்றான் அவன். உள்ளே போகும் அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் போய்ப் படம் எடுக்கவும் வழியில்லை. மாதிரி விமானத்தை மேசைமேல் வைத்துக் காட்டுகிறோம் என்று அக்கா கெஞ்சிக் கேட்டதில் விசாரணை அதிகாரி இறங்கிவந்தார். ஆனால் அக்கா கையால் செய்தது கூடாது, கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், பெட்டியும் கூடவே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த விமானத்தில் இரண்டு வகை உண்டு. உடம்பு ஒன்றுதான். பழையதற்கு எஞ்சின் ஒல்லி, புதியதற்குக் குண்டு. தம்பி முன்னால் நின்றது குண்டு எஞ்சின். ஒல்லி எஞ்சினை வாங்கிவந்து மேசைமேல் வைத்தால், பின்னால் இருக்கும் ஏணி பளிச்சென்று தெரியும். தம்பி வேலைக்குத் தாங்களே உலை வைத்த மாதிரி ஆகும்.

“இந்த வருஷம்னா போட்டிருக்கு? ... அது பெட்டி அடிச்ச வருஷம். அச்சு வெட்டினது எந்தக் காலமோ. பழைய அச்சுல ஊத்தி, புதுப் பெட்டியில போட்டு, புதுப் படமும் ஒட்டிடுவாங்க. உள்ள உதிரியெல்லாம் ஒட்டிட்டு இருக்குமே ஒரு சட்டம், அதுல பாத்தாத்தான் தெரியும். திறக்கச் சொல்லுங்க. ... ஏன் மாட்டாராம்? ... உறையப் பிரிச்சா வேற யாரும் வாங்க மாட்டாங்களாமா. சரி, நீங்க என்ன சொன்னீங்க? ... ‘பரவாயில்லை’ன்னா? யாருக்குப் பரவாயில்லை? ஒருத்தர் சிரிச்சுப் பேசிட்டா போதும் உங்களுக்கு, தலைய ஆட்டிட்டு வந்துருவீங்க. போன தடவை மின்விசிறியும் இப்படித்தான் வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அது காத்து வீசலை, கச்சேரிதான் பண்ணுது. ... நான் கத்தலைங்க. போனை அவர்கிட்ட குடுங்க. ... குடுங்கன்னா குடுங்க.”

முன்பின் தெரியாதவர்களிடம் அவளுக்குக் குரலே எழும்பாது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வணக்கங்க. ... இல்லைங்க, உங்க சரக்கு மட்டம்னு நான் சொல்லவேயில்லை. ... ஆமாங்க. ... ஆமாங்க. ... சரிங்க, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க ஒரு வீடு வாங்கப் போறீங்க. வாசல் கதவுல நல்லா வர்ணம் அடிச்சிருக்குன்னு உள்ள பாக்காம வாங்குவீங்களா? ... நானும் அதைத்தான் கேக்கறேன். ... பிரிச்சு, நான் சொன்ன மாதிரி இருந்தா அவர் எடுத்துக்குவார். இல்லைன்னாலும் ஒரு உதிரிகூட தொலையாம மூடிக் குடுப்பார். ... ரொம்ப நன்றிங்க.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அவள் குரலும் உடனே பழைய இடத்துக்குத் திரும்பியது.

“பாத்தீங்களா? வாயத் திறந்து கேட்டா திறக்கறாரு. ... சரி, இறக்கையில கோடு கோடா இருக்கும். விரலால தடவுங்க. மேடா இருக்கா, பள்ளமா இருக்கா? ... பள்ளம். ம், நல்லது. ஓரத்துல பிசிறு? ... இல்லையா. பாதிப் பாதி உடம்பு ரெண்டையும் சேத்துப் பிடிச்சு வெளிச்சத்துக்கு நேரா காட்டுங்க. சந்துல வெளிச்சம் வருதா? ... வரலையா? நல்லாப் பாருங்க. ... ம்.”

நல்ல சரக்குதான் போலிருக்கிறது. அவளையும் அறியாமல் முகம் கொஞ்சம் இளகியது. தனக்கென்று வாங்கியிருந்தால் இந்த இடத்திலேயே சரி என்றிருப்பாள்.

“இப்ப எஞ்சின் வாய் இருக்கும், வட்டமா. கண்டுபிடிச்சீங்களா? அதை உங்க சட்டைப் பொத்தான் மேல வைங்க. ... கழட்ட வேணாங்க, சட்டையோடதான். ... பொத்தானைவிடப் பெரிசா, சின்னதா?”

அவள் காத்திருந்தாள்.

“பொத்தானுக்குள்ளயே அடங்கிடுச்சா. ... மூடிக் கீழ வைங்க அந்தப் பெட்டிய. ஒல்லி எஞ்சின். மேல குண்டு எஞ்சினை வரைஞ்சு வெச்சுட்டு உள்ள ஒல்லி எஞ்சின். இதுக்குப் பேரு என்ன தெரியுமா? ... யாரும் குறை சொன்னதில்லையாமா? எவன் அளந்து பாத்தான், குறை சொல்ல? அலமாரியில வெச்சு அழகு பாக்கறவங்களுக்கு எந்த எஞ்சினா இருந்தா என்ன. ... என்ன சொல்றீங்க? ... எஞ்சின் மேல பூச்சு மாவு வெச்சா? ... முடியும். ஏன் முடியாது? குண்டாக்கி, தேச்சு, வர்ணம் அடிச்சா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது. அதனாலதான் மாட்டேங்கறேன். பெட்டியும் பக்கத்துல இருக்கும்ங்க. பெட்டிக்குள்ள ஒரு எஞ்சின், மேசை மேல ஒரு எஞ்சின். அதோட முடிஞ்சுது. தம்பி பொய்யன், அக்கா கைகாரின்னு ஊரே சொல்லும். ... மூணாவது ஆளா? நீங்கதான், வாங்கிட்டு வந்த புண்ணியவான்.”

வேறு கம்பெனிப் பெட்டி உண்டா என்று கேட்கச் சொன்னாள். கேட்கத் தயங்கியவரை இன்னும் ஒருமுறை விரட்டினாள். மேல் தட்டில் ஒன்று இருந்தது. ஏணி போட்டு எடுத்தார்கள், தும்மல் சத்தம் இவள் காது வரைக்கும் வந்தது.

“படமே கண்றாவியா இருக்கா? இருக்கட்டும், படத்தையா ஒட்டப் போறோம். பிரிங்க. ... கோடு? ... மேடு. பிசிறு? ... ஐயய்யோ, அவ்வளவா. சேத்துப் பிடிச்சா? ... வாய் பொளந்துட்டு நிக்குதா. ம். ... ம். ... அதெல்லாம் நான் தேச்சுக்கறேன், பிசிறு எடுத்தா அதைப் பொய்யின்னு யாரும் சொல்ல முடியாது. பொத்தான் என்ன சொல்லுது? ... திரும்பச் சொல்லுங்க. ... பொத்தானைச் சுத்தி வெளிய தெரியுதா? எவ்வளவு? ... அப்ப அதேதான். அதே குண்டு எஞ்சின்.”

அந்தக் கிட்டை வேறொரு நாள் பார்த்திருந்தால் குப்பைக்கூடையில் போடக்கூட யோசித்திருப்பாள். இப்போது அதன் ஒவ்வொரு பிசிறும் அவளுக்குத் தித்தித்தது. வாங்கிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வந்த பிறகு பார்த்து ஏமாறுவதைவிட, இருக்கும் இடத்திலேயே பார்த்துவிடலாம். ஒட்டும் காகிதம் கேட்டு வாங்கி உடம்பைச் சுற்றச் சொன்னாள். இறக்கையையும் எஞ்சினையும் பொருத்தச் சொன்னாள். சக்கரக் கால்களை ஓட்டையில் சொருகச் சொன்னாள். ஏணிக்குக் காகிதத்தில் ஒரு துண்டு. அதன் உயரத்தையும் நிற்க வேண்டிய இடத்தையும் அவள் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கடைக்காரரும் கூடச் சேர்ந்துகொண்டார் போலிருந்தது, இரண்டு பேரின் மூச்சும் போனில் கேட்டது.

“மேசை விளிம்புல மூக்குச் சக்கரம் இருக்கட்டும். நீங்க கீழ குனிங்க. ஒரு கண்ண மூடிக்கோங்க. திறந்த கண்ணு மேசைக்கு மேல ஒரு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் கம்மியா இருக்கணும். விமானத்தைச் சுருக்கின கணக்குல தம்பி உயரம் அவ்வளவுதான் வரும். ... குனிஞ்சாச்சா? ... ஏணி தெரியுதா?”

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஏங்க. ... தூங்கிட்டீங்களா? ... தெரியலைல்ல? ... என்ன ‘ஆனா’? ... காலா? ஏணிக் காலா? ... சக்கரம் கோணலா நிக்கும், நல்லா அழுத்துங்க. உங்கள நம்பி ஒரு வேலை சொன்னேன் பாருங்க, என்னையச் சொல்லணும். ... அழுத்திட்டீங்களா? பாருங்க. ... இன்னுமா? ... எவ்வளவு? ... நூலளவு.”

அவள் காகிதத்தை இழுத்து ஸ்கேலை வைத்தாள். தரை. மூக்குச் சக்கரம். கண். எஞ்சின் வயிறு. அதன் கீழே, தரைக்கு மேலே இருக்கும் சந்து. கண்ணிலிருந்து எஞ்சின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஒரு கோட்டை இழுத்தாள். கோடு சரிந்துபோய்த் தரையைத் தொட்டது. ஏணியின் கால், கோட்டுக்கு இந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் பக்கம் இருந்தது.

எஞ்சின் எவ்வளவு குண்டு என்று மட்டும்தான் இத்தனை நாளும் பார்த்திருந்தாள். அதன் அடியில் சந்து இருப்பதைப் பார்க்கவில்லை. தினமும் கோடு போட்டுப் பிழைக்கிறவள், இந்த ஒரு கோட்டைப் போடவில்லை. ஒன்றுமே தெரியவில்லை என்று தம்பி சொல்லியிருந்தான், அதற்கு மேல் கோடு எதற்கு.

“... ஏணியக் கொஞ்சம் பின்னால தள்ளியா? ... இல்லை, காலைக் கொஞ்சம் கத்தரிச்சா? ... வேணாங்க. ஏணி நின்ன இடத்துலயே நிக்கட்டும். ... இருங்க.”

கதவருகில் தம்பி வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகவோ.

“உனக்குக் கால் தெரிஞ்சுதாடா? ... உங்களக் கேக்கலைங்க.”

தம்பி தரையைப் பார்த்தான். பிறகு மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தான், அந்தக் கோட்டை. மறுபடி தரையைப் பார்த்தான். கோபம் அவள் நெஞ்சுவரை ஏறிவந்தது. ஆனால் கத்தத் தோன்றவில்லை.

“ஏங்க, இருக்கீங்களா? ... ம். வாங்கிடுங்க. ... ஆமா, அந்தக் கண்றாவிப் பெட்டியத்தான். ... தெரிஞ்சுதான் சொல்றேன். ஏணிய எஞ்சின் மறைக்குது. காலை மறைக்கலை. ரெண்டையும் அவங்களே குனிஞ்சு பாத்துக்கட்டும். அவ்வளவு சக்கரத்துக்கும் அதுக்கு முட்டுக் குடுக்கற கட்டைக்கும் நடுவுல ஒரு நூலு கண்ணுல பட்டிருக்கணுமா வேணாமான்னு அவங்களே சொல்லட்டும். ஒண்ணுமே தெரியலைன்னு மட்டும் இனிமே நம்ம வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. ... இல்லைங்க, கோவமில்லை. ... உங்க மேல இல்லைங்கறேன்ல. ... ஒரு உதிரி விடாம எடுத்து வைங்க. ... சரி, சரி. வெச்சிடறேன். இங்க ஒருத்தன்கிட்ட பேச வேண்டியிருக்கு.”