குழி பறிக்காத மீன்

என் உடம்பில் உருப்படியாக வேலை செய்வது கண் மட்டும்தான். தொப்பை உண்டு, முதுகுவலி உண்டு, ஐம்பத்திரண்டு வயதாகியும் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. ஆனால் தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் எண்ணைக் கண்ணாடி இல்லாமலே படித்துவிடுவேன். நீங்கள் எழுதும் வாக்குமூலத்தையும் இங்கிருந்தே தலைகீழாகப் படிக்க முடிகிறது. 'குற்றம்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

கடல்மீன் காட்சியகத்தில் பதினெட்டு வருடமாகத் தொட்டி கழுவுகிறேன். பார்க்க வருபவர்களுக்கு விளக்கமும் சொல்வேன். ஏழாம் தொட்டி எனக்குப் பிடித்தது. அதில் ஓர் இறாலும் விரல் நீள மீன் ஒன்றும் ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறாலுக்குப் பார்வை அநேகமாகக் கிடையாது. நாள் முழுக்க மணலை வாரிக் கொட்டி வளையைச் சரிசெய்துகொண்டே இருக்கும். மீன் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இறாலின் மீசை அதன் மேல் பட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே போய்விடும்.

"மீனு குழி பறிக்காதா?" என்று கேட்பார்கள்.

"அதுக்குக் காவல் வேலைங்க" என்பேன். கொஞ்சம் சூடாகவே சொல்வேன்.

என் அண்ணன் தச்சர். பாதி வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். அண்ணி இறந்தபோது துணைக்கு ஒரு வாரம் இருக்கலாம் என்று போனேன். பதினோரு வருடமாயிற்று. அவர் சமைத்தார், துவைத்தார், கூரை ஒழுகினால் மேலே ஏறினார். நான் கீழே நின்று, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொன்னேன்.

பிறகு அவருக்குக் கண் அழுத்தம் வந்தது. தான் செய்த மேசையிலேயே இடுப்பை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"போன பார்வை திரும்பாது. இருக்கறதை இந்தச் சொட்டு மருந்து காப்பாத்தும். ஒரு வேளைகூட விடாதீங்க" என்றார் கண் மருத்துவர். மருந்து போடுவதை நான் ஏற்றுக்கொண்டேன். என் ஆயுளில் நானாக ஏற்ற முதல் பொறுப்பு அது. மூன்று மாதத்தில் அழுத்தம் இறங்கியது.

அப்போதுதான், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் சொன்னார். "கண்ணு இப்படியே நின்னா போதும்டா. வீட்டைக் குடுத்துட்டு பொண்ணுகிட்ட போயிடலாம்னு இருக்கேன்."

"நிக்கலைன்னா?"

"பார்வை இல்லாம போய் அவ தலையில உக்கார மாட்டேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கவில்லை என்றால் பாருங்கள்.

மறுநாள் மருந்தைக் கொட்டிவிட்டுக் குப்பியில் தண்ணீர் நிரப்பினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கண் விஷயத்தில் சுத்தம் முக்கியம். நான் அந்த அளவுக்கு மோசமானவன் இல்லை. அந்த வீட்டில் நான் அடுப்புப் பற்றவைத்தது அன்றுதான். "பரவால்லையே, அடுப்பங்கரை வரைக்கும் வந்துட்டான்" என்று அண்ணன் சிரித்தார்.

பத்து நாள் கழித்து, "மருந்து இப்ப எரியறதே இல்லடா. உன் கைராசி" என்றார்.

பதினான்கு மாதம், காலையும் மாலையும், ஒரு வேளை தவறவில்லை. இந்த ஒழுங்கை வேலையில் காட்டியிருந்தால் நான் தொட்டி கழுவிக்கொண்டிருக்க மாட்டேன். பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில் எனக்கு லீவு கிடைக்காது. முதலில் செய்தித்தாள் போயிற்று. பிறகு உளி வைக்க மரத்தில் போட்ட கோடு. பிறகு என் முகம். கடைசியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் அவர் விரல்கள் இறுகும்போது, பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அவரையும் குப்பியையும் மருத்துவரிடம் கொண்டுபோனாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

நேற்று அண்ணன் இந்த ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் ஒரு கோல். தானே இழைத்திருப்பார் போலிருக்கிறது, வழவழப்பாக இருந்தது.

"யாருண்ணே கூட்டிட்டு வந்தா?"

"யாருமில்ல. ரெண்டு பஸ் மாறி, கேட்டுக் கேட்டு வந்தேன்." கோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்த முதல் மூணு மாசம் நிஜ மருந்துதானே போட்ட?"

"ஆமாண்ணே. சத்தியமா."

"அப்ப பார்வை நிக்கும்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்க."

"ஆமாண்ணே" என்றேன். அவர் திரும்பினார். 'மூணு படி இருக்கு' என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றையும் இறங்கியிருந்தார்.

எழுதிக்கொள்ளுங்கள், அண்ணன் பார்வையைப் போக்கியது நான்தான். அதை நினைத்து எனக்குத் தூக்கம் கெடவில்லை. அவர் அப்படித் தனியாகப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவனிடம், போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.