நாலு விரல் உயர்த்திய ஜீப்

ஆதார் அட்டையில் உள்ள என் பெயரும் கதவு எண்ணும் மேலே தனியாக எழுதிக்கொள்ளப்பட்டன. அந்தப் பெயரைச் சொல்லி என் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. குசும்பு வெல்டர் என்று கேட்டால் பட்டறை வாசல் வரை கூட்டிவந்து விடுவார்கள். வயது நாற்பத்தொன்பது. படிப்பு மூன்றாம் வகுப்பு. மூன்றையே இரண்டு வருடம் படித்ததால் நான்கு என்றும் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னேன், எழுதுகிறவர் மூன்று என்றே எழுதினார். மேம்பாலத்துக்குக் கீழே டயர் கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இன்று யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இந்த வழக்கில் இறந்துபோனவள் என்னுடன் பிறந்த தங்கை. தையல் வேலை செய்து வந்தாள். வண்டியை ஓட்டிய குற்றத்துக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் காவலோடு கிடப்பவர் அவளுடைய கணவர், எனக்கு மாப்பிள்ளை, வீடுகளுக்கு வயரிங் செய்பவர். அவர் கண்மண் தெரியாமல் ஓட்டியதால் வண்டி உருண்டது என்று முதல் அறிக்கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது அப்படி இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, கல்குவாரியில் கழித்துப்போட்ட பழைய ஜீப் ஒன்றை மாப்பிள்ளை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஆனால் வாங்கிய அன்று ஒன்றுகூட இழுக்கவில்லை, நாங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் என் பட்டறையில் வைத்து இருவரும் அதில் வேலை செய்தோம். முதலில் துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்தேன், அதன் பிறகு அவர் வயர் முழுவதையும் பிடுங்கிப் புதிதாக இழுத்தார், அதன் பிறகு ரேடியேட்டர், அதன் பிறகு முன்பக்கம் இழுவைக் கொக்கி. நான் அந்த ஜீப்பைத் தங்கையின் சக்களத்தி என்றுதான் சொல்வேன். அவளும் சளைத்தவள் இல்லை. "சக்களத்திக்கு ஞாயித்துக்கிழம. எனக்கு எந்தக் கிழமன்னு கேட்டுச் சொல்லுண்ணே" என்பாள். சொல்லிக்கொண்டே அந்தச் சக்களத்திக்கு சீட் உறையும் தைத்துக் கொடுத்தாள்.

போன மாதம் ஜீப்பை உயர்த்துவது என்று முடிவானது. ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டிப் பெரிய டயர் மாட்டினால் மேட்டிலும் பள்ளத்திலும் அடி தட்டாது. யோசனை மாப்பிள்ளையுடையது, வேலை என்னுடையது. வண்டி நாலு விரல் உயர்ந்தது. அப்படி உயர்த்தும்போது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து முன்சக்கரத்துக்கு இறங்குகிற பிரேக் ஓஸ், அதாவது பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய், பழைய நீளம் போதாது. நீளமானது வர பத்து நாள் ஆகும் என்று உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார். வரும் வரை பொறுக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் பொறுக்கவில்லை. ஓஸைப் பிடித்திருந்த தகட்டைச் சேசிஸிலிருந்து அறுத்து, இரண்டு விரல் கீழே இறக்கி வெல்டிங் வைத்துவிட்டேன். வண்டி தரையில் நிற்கும்போது ஓஸ் எட்டியது.

எட்டினால் போதாது. பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கினால் ஓஸ் இன்னும் இழுபடும். அதனால் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

மாப்பிள்ளை கையில் ஜாக்கியோடு குனிந்து பார்த்து, "மச்சான், ஓஸ் விறைப்பா நிக்குதே. ஒரு தடவ சக்கரத்தத் தொங்கவிட்டுப் பாத்துடலாமா?" என்று கேட்டார்.

எனக்குப் பசி, வீட்டுக்குப் போகும் அவசரம். "பாக்கலாம் மாப்ள, அப்படியே ஆம்புலன்ஸையும் வரச்சொல்லி வாசல்ல நிறுத்திக்குவோம். கரண்டுக் கம்பியக் கையால புடிக்கிற மனுஷன், ரப்பரப் பாத்து நடுங்குறாரு!" என்றேன்.

டயர் கடைக்காரர் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துவிட்டு ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கையில் ஜாக்கி இருந்தது, என் பேச்சைக் கேட்டுத்தான் கீழே வைத்தார் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மண்பாதையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அன்றுதான் முதல் முறையாகத் தங்கையும் வந்தாள். படி உயரமாக இருந்ததால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள்.

"அண்ணே, இத நம்பி ஏறலாமா?"

"இந்தாள நம்பலாமான்னும் கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்டதான் கேட்ட. தலையாட்டினேன். கெட்டா போயிட்ட? ஏறு."

என் கையைப் பிடித்து ஏறினாள். நான் பைக்கில் பின்னால் போனேன். போகும்போது எங்கும் வேகம் இல்லை. என் பைக் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. மழைத்தண்ணீர் அரித்த ஓடை ஒன்று பாதைக்குக் குறுக்கே இருந்தது. அதில் இடது முன்சக்கரம் இறங்கி ஒரு கணம் அந்தரத்தில் தொங்கியது, அதன் பிறகு வண்டி ஏறி வெளியே வந்தது. தங்கை தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துக் கைகாட்டினாள். மண்ணில் ஈரக்கோடு ஒன்று விழுந்துகொண்டே போனதை அப்போது பார்த்தேன். தண்ணீர் என்று நினைத்தேன்.

அந்த ஓடையைத் தாண்டினால் இறக்கம். அது பழைய வண்டி. ஒரு சக்கரத்தில் ஆயில் போனால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. கைபிரேக்குக் கம்பி அறுந்து கிடந்தது, அதை அடுத்த மாத வேலையாக வைத்திருந்தோம். இறக்கத்தில் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன, அணைந்தன, மறுபடி எரிந்தன. மூன்று முறை எண்ணினேன். அந்த விளக்கின் சுவிட்சை மாப்பிள்ளைதான் பிரேக் பெடலில் வைத்து மாற்றியிருந்தார், பெடலில் கால் பட்டால்தான் எரியும். கியரையும் குறைத்தார், எஞ்சின் அலறியது. அதன் பிறகு திருப்பத்தில் வண்டி ஒருபக்கமாக மேட்டில் ஏறி, அவள் இருந்த பக்கம் சாய்ந்து, இரண்டு முறை உருண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு மூச்சு இல்லை. சீட் உறையின் ஓரத்தில் வெட்டாமல் விட்ட நூல் ஒன்று அவள் வளையலில் சுற்றியிருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

அதன் பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். ஆட்கள் ஓடிவருவதற்குள் சக்கரத்தடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஓஸ் கழுத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அந்தத் துண்டை முறுக்கி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டியைச் சோதித்தவர், வண்டி உருண்டதில் ஓஸ் அறுந்து போயிருக்கலாம் என்று எழுதினாராம். நான் பேசாமல் இருந்தேன். பதினொரு நாள் இருந்தேன். "போனவ வரப்போறதில்ல. நீங்களும் உள்ள போயிட்டா நாங்க என்ன செய்றது?" என்று என் மனைவி கேட்டாள். அந்த ரப்பர் துண்டை இன்று மேசைமேல் வைத்து ஒப்படைத்துவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடியே பேசினார். "மச்சான், நான் பிரேக்க மிதிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல. மிதிச்சிருந்தா நின்னிருக்குமே. என் காலு அந்த நேரத்துல செத்துப்போச்சு. நான்தான் அவளக் கொன்னுட்டேன்" என்றார். வாய் ஓயாத ஆள் என்று பெயர் வாங்கிய நான், அவர் கட்டிலருகே டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மேலே சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்ததுதான் இதில் இருக்கிறது, யாரும் மிரட்டவோ ஆசைகாட்டவோ இல்லை, இதற்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இதை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் மூன்று முறை மிதித்தார். என்னால் அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

(கையெழுத்து)