பொட்டு வைத்த பெட்டி

மாடியில் டமாரென்று ஏதோ விழுந்ததும் காந்தா தறியை விட்டுத் தெருவுக்கு ஓடினாள். நான் ஓடவில்லை. சத்தம் வந்தால் நின்று கேட்பதுதான் என் தொழில், இன்ஸ்பெக்டர் சார்.

“நூல் பெட்டிதாம்மா விழுந்துது, உள்ள வா,” என்று மாடியிலிருந்து சிரித்தார் வீட்டுக்காரர் ராஜவேலு. “கட்டடம் எங்க ஆடுது? உன் தலைதான் ஆடுது.”

செவிலிமேட்டில் அந்த வீடு. மாடியில் அவருடைய விசைத்தறிகள். கீழே காந்தாவின் கைத்தறியும் குடித்தனமும். வீடு அதிர்கிறது என்று அவள் புலம்பியதால் சோதித்துச் சொல்ல என்னை அழைத்தார். கீழ்த்தளத் தூணில் என் கருவிப் பெட்டியைப் பொருத்தினேன். தறி ஓடும்போது அது அதிர்வைப் பதிவுசெய்யும். தறிக்கு விடுமுறையான அமாவாசைகளில் சுத்தியலால் தூணைத் தட்டிச் சத்தத்தை அளப்பேன். நல்ல தூணின் சுருதி மாறாது. உள்ளே விரிசல் விட்டால் இறங்கும்.

அமாவாசைக்கு அமாவாசை இறங்கியது.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் தறிகளை நிறுத்துவார்கள், முட்டுக் கொடுப்பார்கள், பதிவு பாதியில் நின்றுவிடும். ஒரு கட்டடத்தை அது விழும் கணம்வரை கேட்டவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. கேட்டால் நாளை எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றலாம். அதனால், நன்றாக இருக்கிறது என்றேன்.

காந்தாவுக்கு மனம் ஆறவில்லை. “படுத்தா தரை கிர்ருங்குது சார். பயமா இருக்குது. பொண்ணு ஜீவிதாவ கூட்டிக்கினு திருமுக்கூடல்ல அண்ணன் வீட்டுக்குப் போய்டவா?”

அவள் போனால் மாடியில் வேலை செய்பவர்களும் பயந்து போய்விடுவார்கள். பெட்டியைக் காட்டினேன். ஆயுத பூஜையன்று தறியோடு அதற்கும் அவள் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். அதுதான் தூணைக் காக்கிறது என்று நினைத்திருந்தாள்.

“அது இருக்கும்போது என்னம்மா பயம்?” என்றேன். நான் பொய் சொல்லவில்லை சார். கேள்விதான் கேட்டேன்.

பயம் எனக்கும் இருந்தது. கடைசி நாட்களில் தூக்கமே இல்லை. நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டால்?

அன்று காலை எதிர்ச்சாரியில் ஹெட்போனோடு நின்றேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தூணுக்குள் ஏதோ படபடவென்று தெறித்தது. வாசல் திறந்தேதான் இருந்தது. காந்தா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். தெருவுக்கு அல்ல; பொட்டு வைத்த பெட்டி இருந்த தூணுக்கு. இருவரும் அதைக் கட்டிக்கொண்டார்கள். தூண் முறிந்தது. மாடியில் இருந்தவர்கள் தறிகளோடு கீழே வந்தார்கள்.

நீங்கள் கேட்டீர்கள்: “எதிர்லதானய்யா நின்ன? வெளிய வாங்கன்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமே?”

“குடுத்தா அதுவும் பதிஞ்சிடுமே, சார்.”