லைனுக்கு அந்தப் பக்கம்

ஊருக்குப் புதிதாக வந்தவர்களை அவர்கள் பையைப் பிடித்திருக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் சார். உள்ளூர்க்காரன் பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் பாட்டுக்குப் போவான். வெளியூர்க்காரர் தூங்குகிற குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். லாட்ஜின் கண்ணாடிக் கதவு வழியாக இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். படியேறும்போதே அவர்கள் முகத்தில் ஒரு கேள்வி இருக்கும். அறை வாடகை எவ்வளவு என்பதல்ல. இந்த ஊரில் பயமில்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் அது.

டீச்சரம்மா செத்த விஷயத்தில் ஒரு வெல்டரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனைப் பற்றி விசாரிக்கத்தான் கூப்பிட்டு அனுப்பினீர்கள் என்று நினைத்து வந்தேன். நீங்கள் பதினாலாம் நம்பர் அறையின் சாவியைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் சாவியிலிருந்து ஆரம்பித்தால் என்னை ஏதோ கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் லாட்ஜில் தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். லாட்ஜ் ரயில் லைனுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். நடந்து போவதென்றால் லைனுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. அதைத் தாண்டினால் வெல்டிங் பட்டறைகளும் பழைய இரும்புக் கடைகளும் உள்ள இரண்டு மூன்று தெருக்கள், அதற்கப்புறம் ஆஸ்பத்திரியின் பின்வாசல். கூப்பிடு தூரம்தான். வண்டியில் போனால் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அப்படிச் சுற்றிப் போகும்படிதான் நான் எல்லோரிடமும் சொல்லுவேன். அறைச் சாவியோடு ஆஸ்பத்திரிக்கு வழி காட்டும் ஒரு படத்தையும் கொடுப்பேன். சுரங்கப்பாதையும் அதையொட்டிய தெருக்களும் இருக்குமிடத்தில் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இங்கே மட்டும் கால் வைக்காதீர்கள் என்பேன். வண்டிக்காரர்களிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்கிறேன் என்று பேசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. ஒரு காசு வாங்கியதில்லை, நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரியும். என் தங்கையை அங்கேதான் பறிகொடுத்தேன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளை நான்தான் வளர்த்தேன். லாட்ஜுக்குப் பின்னால் உள்ள வீட்டில் கூட வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி தையல் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தேன். வண்டியில் போ, வண்டியில் வா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவள் என் பேச்சைத் தட்டிவிட்டு அந்த வழியாக நடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் போனவள்தான், திரும்பி வரவேயில்லை. விருந்தாளிகளிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு வாயடைத்துப்போகும். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன்.

என் பேச்சைக் கேட்டவர்கள் யாருக்கும் இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கேட்காதவர்களிடம்தான் சிக்கல். நடந்து போய்விட்டு வந்து, ஒன்றும் ஆகவில்லையே என்று சிரிப்பார்கள். ஒருவர் சிரித்தால் அது பக்கத்து அறைக்குப் போகும். அப்புறம் நாலு பேர் கிளம்புவார்கள். சொல்லித் தெரியாதவர்களுக்குப் பட்டால்தான் தெரியும் என்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் அப்படிச் சிரித்தார். மறுநாள் சுரங்கப்பாதையில் அவர் கைப்பை பறிபோனது. எடுத்தது நான்தான். அதில் அவர் மனைவியின் மருந்துச் சீட்டும் எக்ஸ்ரேயும் இருந்தன. போலீசில் எனக்கு ஆள் தெரியும் என்று சொல்லி, ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பையை அப்படியே அவர் கையில் ஒப்படைத்தேன். அவர் கும்பிட்டார். இன்னொருவர் மருந்துக் கம்பெனி விற்பனைக்காரர், வாய்ச்சவடால் பேர்வழி. அவரை யாரோ பின்னாலிருந்து தள்ளியதில் கை முறிந்தது. அதுவும் நான்தான். கட்டுப்போட நான்தான் கூட்டிக்கொண்டும் போனேன். அதற்கப்புறம் வெகுநாள் யாருக்கும் எதுவும் நேரவில்லை, தேவைப்படவும் இல்லை.

டீச்சரம்மா கணவரின் இதய ஆபரேஷனுக்காக வந்தவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாலும் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். வந்த புதிதில் அவரைப்போல ஒரு விருந்தாளியை நான் பார்த்ததில்லை. சாவியை என்னிடம் கொடுக்காமல் வாசல்படி தாண்டமாட்டார். வெளியே போகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்பது லாட்ஜ் சட்டம். எனக்குப் பின்னால் ஒரு பலகையில் அறைக்கொரு கொக்கி இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். வண்டி வந்து நின்றால் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்தே, "தம்பி, இதுல ஏறலாமா?" என்று கேட்பார். நான் ஓட்டுநரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் ஏறுவார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்வார். ஒருநாள், "இவ்வளவு பெரிய ஊர்ல உங்க ஒருத்தரை நம்பித்தான் தம்பி இருக்கேன்" என்றார். எனக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் நடக்கவில்லை சார். அப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்று முழுக்க எனக்குப் பசிக்கவேயில்லை.

ஒருநாள் காலையில் பேய்மழை. வண்டி எதுவும் வரவில்லை. டாக்டர் வரச் சொன்ன நேரம் நெருங்கிவிட்டது. நான் மாடியில் ஒழுகுகிற அறையைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அவர் நடந்து கிளம்பிவிட்டார். திரும்பி வரும்வரை நான் உட்காரவில்லை. பிற்பகல் அவர் யாருடையதோ ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, சேலைக் கரை நனைய, சிரித்துக்கொண்டே வந்தார். என்ன தம்பி, என்னை இப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தீர்களே, அந்தப் பக்கத்து ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள் தெரியுமா என்றார். தெருவில் தண்ணீர் நின்ற இடத்தில் பட்டறைக்காரர்கள் பலகை போட்டுக் கைபிடித்துக் கடக்க வைத்தார்களாம். இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது டீச்சர் என்றேன்.

"மடியில கனம் இருந்தாத்தானே தம்பி வழியில பயம்? எங்கிட்ட இருக்கிறது ஒரு பிளாஸ்க். அதை யாரு புடுங்கப்போறாங்க?"

முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவர் நடந்துதான் போனார். மூன்றாம் மாடித் தம்பதியையும் கூட்டிப்போனார். சாவியைக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். நினைத்தபோது போய்வருகிறேன், ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு எதற்குத் தொல்லை, பையிலேயே இருக்கட்டும் என்றார். அறை கூட்டுகிற அக்கா வந்து பதினாலு சாவி எங்கே என்று தினமும் என்னைக் கேட்பாள். டீச்சர் எடுத்துப் போய்விட்டார் என்று தினமும் சொல்லுவேன். அந்தக் கொக்கி வெறுமையாக இருப்பது என் முதுகில் உறுத்திக்கொண்டேயிருக்கும். வருஷக்கணக்காகப் பழகிய கண் சார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் மேசை முன்னால் நாலைந்து பேர் நிற்கும்போது அவர் வந்து என் கையைத் தட்டி, ஆளைப் பாருங்கள், இவ்வளவு நாள் மறைத்துவைத்திருக்கிறார் என்று ஆரம்பித்தார்.

"எனக்குக் குடை குடுத்த பொண்ணு உங்க தங்கச்சியாமே. தங்கமான பொண்ணு தம்பி. அவ வீட்டுக்காரர் வெல்டர், அவரும் நல்ல மனுஷன், ரெண்டு பிள்ளைங்க. எங்கண்ணன் நல்லா இருக்காரா, வேளைக்குச் சாப்பிடுறாரான்னு கேட்டுக் கேட்டு அழுதா. நீங்க ஏன் போய்ப் பார்க்கிறதே இல்ல?"

தங்கையைப் பறிகொடுத்த கதையை என்னிடம் கேட்டிருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவள் செத்துப்போனாள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை சார். அந்த வழியாக நடந்து, அங்கே ஒரு வெல்டரைப் பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். பிறகு அவள் பலதடவை லாட்ஜ் வாசலுக்கு வந்தாள். நான்தான் பார்க்கவில்லை. அந்த இடம் தன்னைக் கெடுத்துவிட்டது என்று புரிந்துகொண்டு அவளாக ஒருநாள் திரும்பி வருவாள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். இப்போது டீச்சரம்மா ஊரையே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் நல்ல இடம், நல்ல இடம் என்று சொல்ல ஆரம்பித்தால் அவள் எதற்காகத் திரும்பி வருவாள்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைகளில் சத்தம் நின்றுவிடும், சுரங்கப்பாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது. டீச்சரம்மா கணவருக்குப் பால் எடுத்துக்கொண்டு போவது அந்த நேரத்தில்தான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டேன். மோட்டார் அறையிலிருந்த பெரிய ஸ்பேனரையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். காட்டுவதற்குத்தான். பையைப் பிடுங்குவது, அவர் பயந்துபோய் லாட்ஜுக்குத் திரும்புவது, நான் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்வது. என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

பின்னாலிருந்து பையை இழுத்தேன். அவர் முழங்கால் குத்தி விழுந்தார். துண்டு அவிழ்ந்துவிட்டது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவர் முகத்திலிருந்து பயம் போய்விட்டது. திருடன் ஓடிவிட்டான், நான் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"தம்பி, நீங்களா? நல்லவேளை வந்தீங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் என்றும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாமே என்பீர்கள். விடத்தான் நினைத்தேன். அவரைத் தூக்கியும் விட்டேன். அப்போது அவர் கண் என் இன்னொரு கைக்குப் போனது. அவருடைய பை அதில் இருந்தது. பையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கணக்குப் போட்டுக் காட்டிய பிள்ளையின் விடையை டீச்சர்கள் பார்ப்பார்களே, அப்படி நிதானமாகப் பார்த்தார். டீச்சரம்மாவைக் கொன்றது நான்தான் சார். அவர் அதிகம் சிரமப்படவில்லை.

வெல்டரின் பட்டறை சுரங்கப்பாதைக்கு அடுத்தாற்போல இருக்கிறது. சத்தம் கேட்டு வந்து அவரை வாரிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். சட்டையெல்லாம் ரத்தம். பின்வாசலில் இருந்தவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் நான் மேசைக்குத் திரும்பிவிட்டேன். பையைப் பின்புறச் சாக்கடையில் போடுமுன் திறந்தேன், திருட்டுப் போலத் தெரியவேண்டும் என்பதற்காக. மேலாகவே பதினாலு சாவி கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து கொக்கியில் மாட்டினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. கொக்கி வெறுமையாக இருந்தது, சாவி கையில் இருந்தது, மாட்டிவிட்டேன். உங்கள் ஆட்கள் அறையைப் பார்க்க வந்தபோது பலகையிலிருந்து எடுத்து நானே கொடுத்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சாவி எப்போதும் டீச்சரம்மாவின் பையில்தான் இருக்கும் என்று அவர் கணவரும் அறை கூட்டுகிற அக்காவும் சொன்ன பிறகுதான் உங்களுக்கே உறைத்திருக்கிறது.

அவர் கணவரிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார் டாக்டர். நான்தான் போனேன். அவர் என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. லாட்ஜில் அன்றிலிருந்து எல்லோரும் வண்டியில்தான் போகிறார்கள். மூன்றாம் மாடித் தம்பதி என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு உயிர் போனதில் எத்தனை பேர் தப்பித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் அப்படி யோசிக்கமாட்டீர்கள், அது உங்கள் வேலையில்லை.

தங்கையும் வந்தாள். இந்தத் தடவை நான் உள்ளே கூப்பிட்டேன். தலையில் நரை விழுந்திருந்தது. உட்கார் என்றேன், உட்காரவில்லை.

"அவரு தூக்கிட்டுத்தான் அண்ணா ஓடினாரு. உனக்கு போலீஸ்ல ஆள் இருக்குன்னு டீச்சரம்மா சொன்னாங்க. ஒரு வார்த்தை சொல்லேன்."

முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு, இனியும் அங்கே எப்படி இருப்பாய் என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள்.

"எங்க தெருவுல எனக்கு என்ன அண்ணா பயம்?"

அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். வெல்டர் உள்ளே இருந்தால் தானாகப் புரியும் என்றும் நினைத்தேன். இப்போது அதற்கு வழியில்லாமல் போய்விட்டது. பரவாயில்லை, அவனை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் சார். அவனை அழைத்துப்போக அவள் இங்கே வருவாள். பிடிவாதக்காரி, சொன்னால் கேட்கமாட்டாள், பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சுரங்கப்பாதை வழியாகத்தான் வருவாள். தயவுசெய்து ஒரு வண்டி அனுப்பி மேம்பாலம் சுற்றிக் கூட்டிவரச் சொல்லுங்கள். அங்கே போனவாரம்தான் ஒரு பெண்பிள்ளையைக் கொன்றுபோட்டிருக்கிறார்கள்.