வளையம் சாய்ந்த பக்கம்

இரவு எட்டு மணி. திருப்பதி ரயில்வே கேட்டைத் தாண்டினால் அப்போது மலைப்பக்கம் ஒரே ஒரு மண்பாதை... விளக்கில்லை, வீடில்லை. பாதை முடிகிற இடத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடம்.

என் நண்பன் சம்பத்தின் சித்தப்பா செங்கல்வராயனுக்கு நடந்தது இது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் சென்னைக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம்.

அவர் அங்கே உதவியாளர். ஆய்வுக்கூடத்தை ஒட்டிய அறைதான் வீடு. மனைவி சுலோசனா சத்தியவேடு பக்கம் தாய்வீட்டில் பிரசவத்தில் இறந்துபோனாள். இவர் போய்ச் சேருவதற்குள் புதைத்துவிட்டார்கள். பிழைத்த குழந்தையோடும், பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த தன் தங்கை மணியம்மாவோடும் திரும்பி வந்தார்.

அந்த இரவு விடிந்தால், அப்போதைய ஆந்திரத் தலைநகர் கர்னூலிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். "ரிங்கு ஆடாம நிக்கணும். லேதண்டே உன் எடத்துக்கு வேற ஆள் வருவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் விரிவுரையாளர்.

பூசணிக்காய் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குண்டு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஏதோ வாயுவைக் கொஞ்சமாக விட்டு மூடிய குண்டு. இரண்டு பக்கமும் செம்புக் கம்பிச் சுருள்கள். மின்சாரம் விட்டால் உள்ளே எலெக்ட்ரான்கள் நீல இழையாகக் கிளம்பும்; காந்தப்புலத்தில் வளைந்து வட்டமாகும். அதுதான் ரிங்கு. புலம் சீராக இருக்க வேண்டும். பக்கத்தில் கொஞ்சம் இரும்பு இருந்தாலும் வட்டம் கோணிவிடும்.

அன்று கோணியது. குழந்தை படுத்திருந்த சுவர்ப் பக்கமாக.

போய்ப் பார்த்தார். தூளிக்கு அடியில் ஒரு அரிவாள்.

"எடுக்காதண்ணா. பச்ச ஒடம்பு. இரும்பு இல்லன்னா மோப்பம் புடிச்சிக்கினு வந்துடும்."

"எது வரும்?"

மணியம்மா தூளியை ஆட்டினாள். "கண்ணாடிப் பூசணிக்கா பெத்த புள்ளைய விட ஒசத்தியா பூட்ச்சா?" என்றாள்.

"வேல போனா புள்ளைக்கு எத துன்னக் குடுப்ப? ஒரு மணி நேரந்தான்."

அரிவாளைத் தூரத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். சொன்னபடி திரும்ப எடுத்து வைக்கிறாரா என்று பார்க்க, மணியம்மா ஆய்வுக்கூடத்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து அறைத் தூளியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

வளையம் நின்றது. கோடு போட்டாற்போல. சுருள் சூடேறி அரக்கு வாசனை...

பிறகு, வளையத்தில் மண்பாதைப் பக்கமாக ஒரு துடிப்பு. நின்றது. மறுபடியும் ஒன்று, முன்னைவிடப் பெரிதாக. இடம்... வலம்... இடம்... நடை மாதிரி.

காலடிச் சத்தம் எதுவும் இல்லை. ஈரமண் வாசனை மட்டும்.

"மணி, கையில என்னா வெச்சினுகீற?"

"ஒண்ணும் இல்லியே."

"யாரோ இரும்போட நடந்து வராங்க. ரெண்டு துண்டு. மாத்தி மாத்தி."

மணியம்மா வாசலிலிருந்து எழுந்தாள்.

"அண்ணா... அண்ணியப் பொதைக்கசொல்ல, எய்ந்து நடக்கக்கூடாதுன்னு... ரெண்டு பாதத்துலயும் ஆணி அடிச்சாங்க. உங்கிட்ட சொல்ல வேணான்னுட்டாங்க."

வளையத்தின் சாய்வு வாசல் பக்கமிருந்து அவர்களைக் கடந்து மெல்ல நகர்ந்தது. குழந்தை இருந்த சுவர்ப் பக்கமாக. அங்கேயே நின்றுவிட்டது.

அழுகை நின்றது.

சித்தப்பா சுவரில் காதை வைத்தார். முதலில் எதுவும் கேட்கவில்லை.

பிறகு கேட்டது... குழந்தை பால் குடிக்கும் சத்தம்.